கரைக்குச் சொந்தம்

முந்தின நாள் புயலில் கப்பல் பாறையில் ஏறி உடைந்தது. கரை ஒதுங்கியவர்களில் ஒருவனுக்கு மட்டும் மூச்சு இருந்தது. கப்பலில் வந்த ஒருவர் பிழைத்தாலும் சரக்கு அவருக்குச் சொந்தம், யாரும் பிழைக்காவிட்டால் கரைக்குச் சொந்தம். அந்தக் கடலில் போகிற எல்லாத் தேசத்தாரும் ஒப்புக்கொண்ட நியாயம் அது. பாறையில் சிக்கிய கப்பலில் நனையாத அரிசி மூட்டைகள் இருந்தன. ஊரில் இரண்டு வருஷமாக மழையில்லை.

சுற்றி நின்ற யாரும் அவனைத் தொடவில்லை. "நாம ஒண்ணும் செய்யல. அவனாப் போறான்" என்றார் ஊர்த்தலைவர்.

இசக்கி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். கணவன் அவள் கையைப் பிடித்தான். "வீட்டுல புள்ள பசியில கெடக்கு."

"தெரியும். நாந்தான பெத்தேன்."

கையை உதறிவிட்டு, கரை ஒதுங்கியவன் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அவன் விழுங்கினான். கூட்டம் நெருங்கியது. தலைவர் குனிந்து குடத்துக்குக் கை நீட்டினார்.

"வேகமாக் குடிச்சாச் செத்துருவான். கொடு, நான் ஊத்துறேன்."

இசக்கி அவர் முகத்தையே பார்த்தாள்.

"தண்ணிய நான் ஊத்துறேன். நீங்க தலையைப் பிடிச்சுக்குங்க."

தலைவர் கப்பலைப் பார்த்தார். பிறகு மெதுவாக மணலில் உட்கார்ந்து, அந்தத் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார்.