சுவரில் அதே வரி

‘சட்டமாவது, மண்ணாங்கட்டியாவது!’

முந்தின நாள்தான் வெள்ளையடித்து முடித்த மதில் சுவர். அதில் ஓர் எழுத்துகூடக் கோணாமல், வரி பிசகாமல், கறுப்புப் பெயின்ட்டில் கொட்டை எழுத்தாக நின்றது அந்த வாசகம். வேலை ஒழுங்காக முடிந்ததா என்று பார்க்க, வெள்ளையடித்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்த நன்னடத்தை அலுவலர் அம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"நேத்து தண்டனை முடிஞ்சுது, இன்னைக்கே ஆரம்பிச்சுட்டியா? அதே சுவரு, அதே திமிரு! சட்டம்னா உனக்கு அவ்வளவு இளக்காரமா?"

பதினைந்து வயதுப் பெண் அவள். சுவரை ஒரு முறை பார்த்தாள். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரப் பெரியவரையும் ஒரு முறை பார்த்தாள்.

"ஆமா, நான்தான் எழுதினேன். எங்களப் பிடிச்சிட்டுப் போகத்தானே மேடம் உங்க சட்டம் எங்க தெருப்பக்கமே வருது?"

"வாயப் பாருங்க சார்! போன தடவை இதே வரியக் கோழி கிறுக்கின மாதிரி கிறுக்கி வச்சா. சின்னப் பொண்ணாச்சேன்னு வெள்ளையடிக்கச் சொல்லி லேசா விட்டோம். இனிமே கூர்நோக்கு இல்லம்தான். ஏறு வண்டியில!"

பெரியவரின் முகம் வெளிறிவிட்டது. மனைவி போன பிறகு பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீடு அது. வெளிநாட்டு மகன் போன் பண்ணினால் "நல்லா இருக்கீங்களாப்பா?" என்பதோடு சரி. இந்த வாயாடி வெள்ளையடிக்க வந்த நாட்களில்தான் அவர் இரண்டு டம்ளர் டீ போட்டார். அவளையும் கூட்டிப் போய்விட்டால் அந்த வீட்டில் அப்புறம் யார்?

"அங்கெல்லாம் அனுப்பிடாதீங்கம்மா. அது வந்து... அந்த எழுத்து..." பெரியவர் சுவரைக் காட்டினார்.

"அதான் நான்தான்னு சொல்லிட்டேன்ல!" என்று வெடுக்கென்று குறுக்கிட்டாள் அவள்.

பெரியவர் அலுவலர் பக்கம் திரும்பினார். "என் சுவரு, எனக்குப் புகாரே இல்லம்மா. மறுபடியும் வெள்ளையடிச்சுக் குடுத்தாப் போதும்."

அலுவலர் பெருமூச்சு விட்டார். "உங்க நல்ல மனசுக்காக விடறேன் சார். இன்னும் ஒரு மாசம் வருவா. ஏய், இதுதான் கடைசி!"

அலுவலரின் வண்டி தெருமுனை திரும்பியது. பெரியவர் தலையைக் குனிந்தபடியே நின்றார். அவள் பிரஷ்ஷைச் சுண்ணாம்பு வாளியில் முக்கி எடுத்தாள். யாரும் இல்லையே என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தண்டனை இல்லாட்டியும் நான் வருவேன் தாத்தா, இனிமே நீங்க சுவத்துல எழுதாதீங்க!"