புது வாசலில் நுழைய ஆள் தேவை

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. யாரும் வராததால் தானாகவே மூடிக்கொண்டது.

காலை எட்டு மணியிலிருந்து கேமராவோடு அதன் எதிரே நிற்கிறேன். இப்போது பத்தரை. ஒருவர்கூட உள்ளே நுழையவில்லை.

கிட்டே வரத்தான் வருகிறார்கள். கதவு திறக்கிறது. எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு மருத்துவமனைக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துப் பழைய வாசலுக்கு நடக்கிறார்கள். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இந்த வெயிலில்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வாசலில் என்ன குறை? அகலமாக இருக்கிறது. சக்கர நாற்காலிக்குச் சரிவு போட்டிருக்கிறார்கள். மேலே அரபியிலும் பிரெஞ்சிலும் 'நல்வரவு'. இருபுறமும் தொட்டியில் இரண்டு ஆலிவ் மரங்கள். ஊரைச் சுற்றி ஆலிவ் தோப்புதான், ஆனாலும் இவை தலைநகர் துனிஸிலிருந்து லாரியில் வந்தவை.

மருத்துவமனைக்குப் பின்னால் புதிய நெடுஞ்சாலை வந்ததும், தலைநகரத்து எஞ்சினியர்கள் கட்டடத்தின் முகத்தையே திருப்பிவிட்டார்கள். முதுகு முகமாகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

"ஆள் இல்லாம எடுத்தா பேங்க் மாதிரி இருக்கும், ஹாஜர். ஜனங்க சிரிச்ச முகமா உள்ள போகணும். மத்தியானத்துக்குள்ள படம் வந்தாகணும்" என்று மருத்துவமனை இயக்குநர் லுத்ஃபி சொல்லியிருந்தார்.

இந்த வெள்ளியோடு என் மூன்று மாத ஒப்பந்தம் முடிகிறது. மீதியை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் கீழே இரண்டு வருடம் சும்மா உட்கார்ந்திருந்தவள் நான்.

காலில் மாவுக்கட்டோடு நொண்டிவந்த ஒருவரை மறித்தேன்.

"மாமா, இப்படிப் போங்களேன். ஒரே ஒரு படம்."

"அதுல போறதுக்கு இன்னும் நாள் இருக்கு தாயி. அவசரப்படுத்தாத!"

பின்னால் வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

தானாகத் திறக்கிற கதவுக்குப் பயப்படுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இந்த ஊரே இப்படித்தான். எதையும் முகத்துக்கு நேரே சொல்லாது. அப்பா இறந்ததையே எனக்கு மூன்று நாள் கழித்துச் சொன்ன ஊர். துனிஸில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். படிப்பு கெட்டுவிடுமாம். நான் வந்து சேர்ந்தபோது கபரின் மேல் மண் காய்ந்திருந்தது.

அப்போது அம்மா வந்தாள். சர்க்கரை பார்க்கிற நாள். சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

அவளும் கதவின் முன்னால் நின்றாள். அவளும் பக்கவாட்டில் திரும்பினாள்.

"ம்மா! நீயுமா?"

"எல்லாரும் போற வழியில போறேன்டி."

"எல்லாரும் மடையங்க. கதவு உன்னைக் கடிச்சுத் தின்னுடாது. போ!"

அம்மா கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான் போகலேன்னா உன் வேலை போயிடுமா?"

"போயிடும்."

தலைத்துணியை இழுத்து இறுக்கிக்கொண்டாள். பையை இடது கைக்கு மாற்றினாள். அவள் முகம் தெரிய நான் கதவோரமாகப் போய் நின்றேன். நடந்தாள்.

கதவு திறந்தது. நிலையைத் தாண்டியதும் வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகக் குனிந்தாள். உதடுகள் அசைந்தன. முகத்தில் சிரிப்பைப் போல ஏதோ ஒன்று.

முதல் படத்தில் என் நிழல் விழுந்துவிட்டது. இரண்டாவதில் கண்ணாடியில் ஒரு லாரி தெரிந்தது. மூன்றாவதில் கண்ணை மூடியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் வெளியே வரவழைத்து, "இன்னொரு தடவை போ" என்று கத்தினேன். அவளும் திரும்ப நுழைந்தாள். ஒவ்வொரு தடவையும் கை நெஞ்சுக்குப் போனது.

நான்காவது படம் சரியாக வந்தது.

லுத்ஃபி அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். "பிரமாதம்! இதைத்தான் கேட்டேன். திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுடு." பிறகு கண்ணைச் சுருக்கினார். "ஆமா, இந்தம்மா யாருக்கு சலாம் சொல்றாங்க? வரவேற்பு மேசையில ஆளே இல்லையே?"

எனக்குத் தெரியவில்லை. பழக்கமாக இருக்கும் என்றேன்.

சாயங்காலம் அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். யாருக்கு சலாம் சொன்னாய் என்று கேட்டேன்.

"இப்ப மேசை போட்டிருக்காங்களே, அங்கதான் சவ அறை இருந்துச்சு." ஒரு தோலை உரித்தாள். "இந்த ஊர்ல எல்லா வீட்டு ஆளையும் அந்த வாசல் வழியாத்தான் வெளிய தூக்கிட்டு வருவோம். உங்கப்பாவையும். நீ பரீட்சை எழுதிட்டு இருந்தே."

பட்டாணி கிண்ணத்தில் விழுந்தது.

"மய்யித்து கிடந்த எடம். சலாம் சொல்லாம எப்படி நுழையறது?"



"நாலு தடவையுமா சொன்னே?"

"நாலு தடவ அனுப்புனியே."