உகாண்டாவுக்கு ஒரு விண்ணப்பம்

“நாளையோட பன்னிரண்டு மாசம் முடியுது, பெரியவரே. இன்னைக்கும் கையெழுத்துப் போடாம போனீங்கன்னா, உகாண்டாவுல உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது!”

காப்புரிமை முகவர் மும்புவா, படிவத்தை மூன்றாம் முறையாக எகிராபாவின் முன் நகர்த்தினாள்.

எகிராபா கென்யாவின் எல்லையோர ஊரான மலாபாவில் பட்டறை வைத்திருக்கும் கொல்லர். மரவள்ளிக்கிழங்கு சீவும் கையியந்திரம் அவருடைய கண்டுபிடிப்பு. கென்யாவில் விண்ணப்பித்து நாளையோடு ஓராண்டு ஆகிறது. விளக்கவுரை, உரிமைக் கோரிக்கை, வரைபடம், சுருக்கம் என எதிலும் குறையில்லை. அந்த ஓராண்டுக்குள் போட வேண்டிய வெளிநாட்டு விண்ணப்பம்தான் பாக்கி.

“மூணு வழி இருக்கு. நேரா உகாண்டாவுல போடலாம். பல ஆப்பிரிக்க நாட்டுக்கும் சேர்த்து ஹராரேயில இருக்கற பொது அலுவலகத்துல போடலாம். இல்ல, சர்வதேச விண்ணப்பம். எதுன்னாலும் நாளைக்குள்ள.”

“நாலாவது வழி இல்லையாம்மா?”

“அது என்ன?”

“சும்மா இருக்கறது.”

மும்புவாவுக்குச் சுருக்கென்றது.

“கிண்டலா? கட்டணத்தக்கூட உங்க மூத்த மகன் கட்டிட்டாரு. பாலத்தத் தாண்டினா உகாண்டா. ஆட்டுக்குட்டியே நடந்து போயிடும், உங்க இயந்திரம் போகாதா? கண்டவனும் பார்த்துச் செஞ்சு விப்பான்.”

எகிராபா பேனாவைத் திறந்தார்.

“என் விண்ணப்பம் இங்க அச்சாகி வெளிவந்தப்புறம், அங்க வேற எவனாவது தன் பேர்ல பதிய முடியுமா?”

“முடியாது. உலகத்துல எங்க வெளிவந்தாலும், அப்புறம் அது புதுசு இல்ல. அவனென்ன, உங்களாலயே முடியாது! அதைத்தானே தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன்?”

“அப்ப சரி.” பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பெற்ற பிள்ளைகள் வாயிலேயே மண்ணைப் போடும் மனிதரை என்ன சொல்வது? மும்புவா கோப்பை இழுத்துக் கட்டினாள்.

“கோவிச்சுக்காதம்மா. என்கூடப் பிறந்தவங்க அஞ்சு பேர் அந்தப் பக்கந்தான் வாழ்க்கைப்பட்டிருக்காங்க. அவங்க ஊர்ப் பட்டறையில சொல்லி, இதையே செஞ்சுக்கட்டும்.”

“அதுக்காக உரிமையவே விடணுமா? பதிஞ்சு வச்சுக்கிட்டு, அவங்களுக்கு மட்டும் சும்மா குடுங்களேன்!”

எகிராபா எழுந்தார்.

“நான் குடுத்துருவேன்மா. உரிமை என் பிள்ளைங்க கைக்குப் போனப்புறம், அவனுங்க அத்தைன்னு பார்ப்பானுங்களா?”