ஒன்பது பின் ஒயர்

"ஆபீஸ்ல அனுப்பினாங்களா?" என்றார் மின் மயான ஆபரேட்டர், உள்ளே வந்தவனின் தோள்பையைப் பார்த்து. "மெக்கானிக்குக்காகக் காலையிலேர்ந்து தவம் கெடக்கேன்."

வந்தவன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். "என்ன பிரச்சினை?"

"பழைய கம்ப்யூட்டர் நேத்து மண்டையப் போட்டுருச்சு. புதுசுல இந்த அடுப்போட ஒயரைச் சொருக எடமே இல்ல."

ஒன்பது பின் உள்ள சீரியல் ஒயர், பழைய கம்ப்யூட்டர்களில் மாட்டுவது. அவன் பையிலிருந்து விரல் நீள அடாப்டர் ஒன்றை எடுத்து அதில் மாட்டினான். மறுமுனையை யுஎஸ்பி துளையில் செருகினான். திரையில் ஒன்றும் வரவில்லை.

"சீக்கிரம் தம்பி. வெளிய ஒரு பெரியவரைக் கெடத்தி வெச்சிருக்கு. சொந்தக்காரங்க என்னையே முறைக்கிறாங்க. அவரோட மகனை வேற காணோமாம். வண்டி வரைக்கும் போயிட்டு வரேன்னு போனவன் திரும்பலையாம். என்ன பிள்ளையோ."

புதிய கம்ப்யூட்டர் அடாப்டருக்கு வேறு போர்ட் எண் கொடுத்திருந்தது. அடுப்பின் புரோகிராமில் அவன் அந்த எண்ணைத் தப்பாக அடித்தான். அழித்துவிட்டு மறுபடி அடித்தான். அடுப்பின் வெப்பநிலை திரையில் வந்தது. எண் ஏறத் தொடங்கியது.

"ராசியான கை தம்பி உங்களுக்கு." ஆபரேட்டர் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார். "பெரியவரோட மகன் வந்தாச்சா? கொள்ளிக்குப் பதிலா பட்டனை அவர்தான் அழுத்தணும்."

வெளியே சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் ஆபரேட்டரைத் தாண்டி, உள்ளே இருந்த நாற்காலியைப் பார்த்தார்கள்.

அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"எந்தப் பட்டன்ணே?"