நிறுவனம் அனுப்பிய மடி

உழைக்கும் மனித குலத்துக்கு ஒரு மகத்தான நற்செய்தி! மதுரையில் ஒரு மென்பொருள் நிறுவனம் இனி ஊழியர்களின் ஞாயிற்றுக்கிழமையையும் தானே பேணிக் காக்கும். அவர்கள் நெடுங்காலம் நிறைவாகப் பணியாற்ற வேண்டுமல்லவா? அதனால் அன்று முழுதும் நிறுவனத்தின் ஓய்வறையில் படுத்தே தீர வேண்டும்.

அங்கே வேலை பார்க்கும் சோலைராஜின் அக்கா மகளுக்கு ஞாயிறன்று காதுகுத்து. தாய்மாமன் இல்லாமல் நடக்குமா? வாழ்க்கைச் சமநிலை அதிகாரியிடம் போய் நின்றான்.

“சொந்தக்காரங்க கூட்டம் உங்க சக்தியை உறிஞ்சிடும், சோலைராஜ். போன கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து ரெண்டு நாள் கொட்டாவி விட்டீங்க.”

“மேடம், புள்ளைய என் மடியில வச்சுத்தான் காது குத்தணும்.”

“மடிதானே? நாங்க அனுப்பறோம்.”

அனுப்பவும் செய்தார்கள். அவன் தொடை அளவில், அவன் உடம்புச் சூட்டோடு, பட்டு வேட்டி கட்டிய ஒரு மடி வேனில் வந்து இறங்கியது. இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை.

“என்னம்மா, உன் தம்பி பாதிதான் வந்திருக்கான்!” என்று அக்காவின் மாமனார் சபையில் சிரித்தார். குழந்தை அலறி ஓடியது. நாலு பேர் பிடித்து அழுத்தி அந்த மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள்.

அக்கா போனில் அழுதாள். “டேய், இனிமே என் வாசப்படி மிதிச்சிராத.”

ஓய்வறையில் படுத்திருந்த சோலைராஜ் எழுந்து கதவுக்கு ஓடினான். ஓய்வு முடியும்வரை கதவு திறக்காதாம், ஊழியர் நலனாம்.

இப்படிப் பொத்திப் பொத்திச் சேமித்த சக்தியோடு திங்கட்கிழமை போய் உட்கார்ந்தான். அன்று அவனுக்குக் கொடுக்க நிறுவனத்தில் ஒரு வேலையும் இல்லை.