ஏழாவது நிபந்தனை

“ஏழாவதா என்னா எழுதியிருக்குது? சத்தமாப் படி” என்றாள் பாஞ்சாலை.

மகள் விருத்தாம்பாள் படிக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை போனவள்தான். ஆறு நிபந்தனைகளையும் ரேடியோவில் செய்தி வாசிப்பது போலக் கணீரென்று வாசித்துவிட்டு, ஏழாவதில் வாயை மூடிக்கொண்டாள்.

கையில் இருந்தது பஞ்சாயத்து ஆபீஸ் கொடுத்த அனுமதிக் கடிதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்ப் பூங்காவில் அவள் கல்யாணத்தை நடத்திக்கொள்ளலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்த காகிதம்.

“படிடி.”

“உப்பளத்திலிருந்து வருவோர் அனைவரும் வாசலிலேயே கால் கழுவிய பிறகுதான் பூங்காவுக்குள் அனுமதிக்கப்படுவர்.” முணுமுணுத்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தாள் கல்யாணப் பெண்.

பாஞ்சாலைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வராதா பின்னே? பதினெட்டு வருஷமாக உப்பு வாருகிறவள். புருஷன் போன பிறகும் யாரிடமும் கையேந்தாமல் மகளை ஆளாக்கியவள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஊரே சொல்லும். உப்பு வாரியவரை நினைக்கச் சொல்லி ஒரு பழமொழியும் கிடையாது.

பூங்காவில் கல்யாணம் என்பது பகட்டுக்காக இல்லை. குப்பத்து மண்ணில் பந்தக்கால் நட்டால் நிற்காது, கையை எடுத்தால் சாயும். சம்பந்தி வீட்டாரோ கிளியனூரில் நிலபுலன் உள்ளவர்கள். பையன் பிடிவாதம் பிடித்ததால்தான் உப்பளத்துப் பெண்ணுக்குத் தலையாட்டினார்கள். அவர்களைச் சேற்றில் உட்கார வைத்தால், மகள் ஆயுசு முழுக்க அதற்குப் பேச்சு வாங்க வேண்டும். அதற்காகத்தான் பஞ்சாயத்து கிளார்க் தட்சணாமூர்த்தியின் மேஜை முன்னால் நாலு தடவை போய் நின்றாள்.

ஐந்தாவது தடவையும் போனாள்.

“ஏன் சார், எங்க கால்ல என்னா ஒட்டிக்கிட்டு இருக்குது? ரைஸ் மில்லுக்காரர் வூட்டு நிச்சயதார்த்தத்துக்கும் இதே பூங்காவைத்தான குடுத்தீங்க? அவங்களை யாரு கால் கழுவச் சொன்னாங்க?”

தட்சணாமூர்த்தி பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. சம்மதம் என்றால் ஆபீஸ் நகலில் கைநாட்டு வைக்கலாம், இல்லையென்றால் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அவருக்குச் சம்பளம் கிடையாது போலிருக்கிறது.

பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. வேறு வழியில்லை. பாஞ்சாலை பெருவிரலை அழுத்தினாள். உப்பில் தேய்ந்த விரலில் ரேகை ஏது? மைதான் அப்பிக்கொண்டது.

“ஒண்ணு சொல்றேன் சார். உங்க வாசல்ல நின்னு நாங்க கழுவ மாட்டோம். வூட்லயே கழுவிக்கிட்டு வருவோம். வந்து பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். அவளும் உப்புப் போட்டுத்தானே சோறு தின்கிறாள்.

சொன்னபடியே, ஞாயிற்றுக்கிழமை மதியம் குப்பத்துப் பெண்கள் நாற்பது பேரும் அவள் கண்ணெதிரே சீயக்காய் போட்டுக் காலைத் தேய்த்தார்கள். பக்கத்துக் குடிசை அருக்காணி, குதிகால் வெடிப்புக்குள் இருந்ததைக்கூடத் தேங்காய் நாரால் சுரண்டி எடுத்தாள். எல்லோர் தலையிலும் கனகாம்பரம், கையில் சீர்த்தட்டு. கல்யாணப் பெண்ணோடு பாஞ்சாலை முன்னால் நடக்க, படை பின்னால் கிளம்பியது.

ரோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டார்கள். குப்பத்திலிருந்து ரோட்டுக்கு வர உப்புப் பாத்தி வரப்பை விட்டால் வேறு பாதை கிடையாது. தினம் நடக்கிற வரப்பு யாருக்கு ஞாபகம் வரும்? அரை மைல் நடந்து பூங்கா வாசலில் குனிந்து பார்த்தால், நாற்பது பேர் காலும் கணுக்கால் வரை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது.

உள்ளே சம்பந்தி வீட்டார் ஜமக்காளத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் இரண்டு அண்டா நிறையத் தண்ணீர். பக்கத்தில் சொம்பும் கையுமாகத் தட்சணாமூர்த்தி.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பாஞ்சாலைக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம் என்றிருந்தது.

“குடுங்க சார் சொம்பை” என்று கையை நீட்டினாள்.

தட்சணாமூர்த்தி கொடுக்கவில்லை. அண்டாவில் மொண்டார். இடுப்பை வளைத்துக் குனிந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வார்ப்பது போல அவள் காலில் தண்ணீரை வார்த்தார். பிறகு தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, துடைத்துக்கொள்ள அவள் காலடியில் விரித்தார். அடுத்து கல்யாணப் பெண்ணுக்கு வார்த்தார்.

பஞ்சாயத்து ஆபீஸ்காரரே குனிந்து வரவேற்கிற பெண் வீட்டாரைப் பார்த்து, மாப்பிள்ளையின் அப்பா முதலில் எழுந்தார். தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது. அவரைப் பார்த்து ஜமக்காளம் முழுக்க எழுந்து நின்றது.

விருத்தாம்பாள் நிமிர்ந்தாள். பாஞ்சாலைக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. இந்த உப்பளத்தில் யாருக்கு எந்தக் காலத்தில் ஊர் எழுந்து நின்றிருக்கிறது?

“என்னா சார் இது? நீங்க போயி...”

“உப்புக்கால் பட்டா புல்லு கருகிடும், வேற எடம் பாத்துக்கச் சொல்லுன்னுட்டாரும்மா பஞ்சாயத்துத் தலைவரு. அந்த ஏழாவதை நான் எழுதினப்புறந்தான் கையெழுத்தே போட்டாரு. அன்னிக்கு அவரு பக்கத்து ரூம்ல இருந்தாரு, உங்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?”

சொம்பை மறுபடி மொண்டுகொண்டு, அடுத்து நின்ற அருக்காணியின் காலுக்குக் குனிந்தார் தட்சணாமூர்த்தி.

“கால் கழுவணும்னுதாம்மா எழுதினேன். தண்ணி யாரு ஊத்தணும்னு எழுதலையே.”