பெயரும் குரலும் மாற்றப்பட்டவை

அன்பு எழுந்து போய் டிவி சத்தத்தை உச்சத்தில் வைத்தான். ஏதோ பாட்டுப் போட்டி. ஒரு குழந்தை உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி முத்துமாரி சுவரோரமாக ஒதுங்கினாள். சத்தம் ஏறினால் அடுத்து பெல்ட் இறங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"ரேடியோக்காரிகிட்ட சொன்னியா?"

"எதைங்க?"

பெல்ட்டின் பக்கிள் அவள் தோளில் விழுந்தது. பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். அன்பாம்!

தலைநகரில் மோதி பாக் பேட்டைத் தமிழர்களுக்கென்று உள்ளூர் வானொலியில் ஞாயிறு காலை அரை மணி நேரம் உண்டு. கோமளா என்ற பெண் அங்குள்ள அரசு குவார்ட்டர்ஸ் வீடுகளில் ஏறி இறங்கி, சாதாரண ஜனங்களின் வாழ்க்கைக் கதையைப் பதிவு செய்து போடுவாள். வெளியே தெரிய வேண்டாம் என்பவர்களுக்குப் பெயரையும் குரலையும் மாற்றிவிடுவாள்.

இன்று வந்தது புருஷனிடம் அடிபட்ட ஒருத்தியின் கதை. அன்புவின் ஆபீஸ் நண்பன் அதை வாட்ஸப்பில் அனுப்பி, 'இது யார் வீடுப்பா?' என்று விளையாட்டாகக் கேட்டிருந்தான். அன்பு போனை மனைவியின் காதில் வைத்து அழுத்தினான்.

"வெளியில அவருக்கு அவ்வளவு நல்ல பேரு. வீட்டுல பெல்ட்டைத் திருப்பிப் பிடிச்சு, பக்கிள் படற மாதிரி அடிப்பார். பக்கெட்ல தலையை அமுக்குவார். அக்கம்பக்கம் கேக்கக் கூடாதுன்னு டிரான்சிஸ்டரை அலற விட்டுட்டுத்தான் ஆரம்பிப்பார்" என்றது அந்த மாற்றிய குரல்.

அத்தனையும் இந்த வீட்டில் நடப்பதுதான். டிவியை மட்டும் டிரான்சிஸ்டர் ஆக்கியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லிவிட்டார்களோ?

"சத்தியமா நான் சொல்லலைங்க."

"போன வாரம் அவ வந்தப்ப நீதானடி வீட்டுல இருந்தே?"

"காப்பி போட்டுக் குடுத்துட்டு அடுக்களைக்குப் போயிட்டேன். அவ்வளவுதாங்க."

"பொய் சொல்லாத. ஜல்தி ஒத்துக்கோ!"

தலைமுடியைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப் போனான். நிலைப்படியில் முழங்கால் இடித்துத் தோல் கிழிந்தது. மற்ற நாளெல்லாம் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீர், இன்றைக்கென்று பக்கெட் நிறைய இருந்தது.

மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. தலையை வெளியே இழுத்தான்.

"எங்கப்பா சம்பாதிச்சு வச்சுட்டுப் போன நல்ல பேருடி! ஆபீஸ் பூரா சிரிக்குது. ஒத்துக்கிறியா இல்லையா?"

மறுபடி அமுக்கினான். ஆபீஸில் இவன் எறும்புக்குக்கூட ஒதுங்கி வழிவிடுவான் என்று பெயர்.

மாமியார் பொன்னம்மாள் அடுத்த அறையில்தான் இருந்தாள். டிவி அலறினால் கதவைச் சாத்திக்கொள்வது அவள் வழக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட 'ஏன்டா' என்று கேட்டதில்லை. பெல்ட் அடியைவிட அந்தச் சாத்திய கதவுதான் முத்துமாரிக்கு அதிகம் வலிக்கும்.

அடுத்த முறை தலை எழும்பியபோது அவளிடம் தெம்பு இல்லை. செய்யாததை ஒத்துக்கொண்டாவது உயிர் பிழைப்போம் என்று வாயைத் திறந்தாள்.

"ஆமாங்க... நான்தான்..."

மடார் என்று ஒரு சத்தம். அன்பு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலறினான். பூரிக்கட்டையும் கையுமாகப் பொன்னம்மாள் நின்றிருந்தாள்.

"அம்மா! உனக்கென்ன பைத்தியமா? நம்ம குடும்பத்தையே நாறடிச்சிருக்கா இவ. ரேடியோல போயி..."

கட்டை மறுபடி இறங்கியது, இந்த முறை முழங்கையில். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது.

பொன்னம்மாள் மருமகளைத் தூக்கி நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகுதான் மகனைப் பார்த்தாள்.

"அவ சொல்லலைடா. உங்கப்பனைப் பத்தி நான்தான் சொன்னேன்."